தங்கம் தீர்ந்தது, ஊர் தீரவில்லை

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டன. பிழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மட்டும் இடத்தைக் காலி செய்யவில்லை.

மாரிக்குப்பத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. பங்காருப்பேட்டையில் சென்னை - பெங்களூர் பாதையிலிருந்து பிரியும் 16 கி.மீ. கிளைப் பாதை, கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று வரிசையாக நின்று நின்று வந்து இங்கே ஓய்ந்துபோகிறது. அதற்கப்பால் மைசூர் மைன்ஸின் கைவிடப்பட்ட கட்டடங்களும் முட்புதர்களும்தான். விடிவதற்கு வெகு நேரம் முன்பே இந்தக் கடைசி ஸ்டேஷனில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கையில் டிபன் கேரியர், பையில் மாத சீசன் டிக்கெட், தலையில் மப்ளர். பெங்களூரில் கட்டட வேலை, செக்யூரிட்டி வேலை, ஆஸ்பத்திரி வேலை, கம்ப்யூட்டர் கம்பெனி வேலை என்று எல்லாத் தினுசும் இந்த ரயிலில் உண்டு. போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். வீடு திரும்பும்போது மறுபடியும் இருட்டு.

இவர்களில் பலருடைய அப்பாக்களும் தாத்தாக்களும் இதே இருட்டில்தான் வேலைக்குக் கிளம்பினார்கள். அவர்கள் போனது மேற்கே அல்ல, கீழே. இரும்புக் கூண்டில் நெருக்கியடித்து நின்றுகொண்டு ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு இறங்கினார்கள். கூண்டுக்குப் பதில் ரயில் பெட்டி என்பதுதான் வித்தியாசம்.

இந்த ஊரைப் பற்றிய விநோதமான விஷயம் தங்கத்தில் இல்லை, மக்கள்தொகைக் கணக்கில் இருக்கிறது. 1891-ல் இங்கே எண்ணப்பட்ட தலைகள் 7,085. பத்தே ஆண்டுகளில், 1901-ல், 38,204. 1951-ல் ஏறத்தாழ 1 லட்சத்து 59 ஆயிரம். அன்றைய மைசூர் ராஜ்யத்தில் பெங்களூர், மைசூர் நகரங்களுக்கு அடுத்த மூன்றாவது பெரிய ஊர் இதுதான். சுரங்கம் மூடிப் பத்து ஆண்டுகள் கழித்து எடுக்கப்பட்ட 2011 கணக்கில் ராபர்ட்சன்பேட்டை நகரசபையின் மக்கள்தொகை 1 லட்சத்து 62 ஆயிரம். கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு ஊர் எல்லை மாறியிருக்கிறது என்பதால் இந்த எண்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் துல்லியமாக அளக்க முடியாது. இருந்தாலும் விஷயம் புரிகிறது. அதே அறுபது ஆண்டுகளில் பெங்களூர் சுமார் 8 லட்சத்திலிருந்து 84 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தங்கவயல் வளரவில்லை. ஆனால் தேயவும் இல்லை. சுரங்கம் வற்றியதும் ஜனம் கலைந்து பேய் ஊர்களாகிப்போன கலிபோர்னியா, ஆஸ்திரேலியத் தங்க ஊர்களின் கதை இங்கே நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள ஊர் அமைந்திருக்கும் விதத்திலிருந்து தொடங்க வேண்டும். பெங்களூரிலிருந்து கிழக்கே சுமார் 100 கி.மீ. தூரம். கோலார் மாவட்டத்தின் தென்கிழக்கு மூலை. ஆந்திர எல்லை கூப்பிடு தூரம், தமிழ்நாட்டு எல்லையும் அதிக தொலைவில்லை. கடல்மட்டத்துக்கு மேல் 2,800 அடிக்குச் சற்றுக் கூடுதலான மேட்டு நிலம் என்பதால் மார்கழியில் பல் கிட்டும் குளிர். மழை மட்டும் கஞ்சம். வடக்கு தெற்காக சுமார் 80 கி.மீ. நீளத்துக்கு, சில கி.மீ. அகலமே உள்ள ஒரு கரும்பாறைப் பட்டை இந்தப் பிரதேசத்தின் வழியே ஓடுகிறது. அதற்குள் செங்குத்தாகச் சொருகிய தகடு போல வெண்ணிறக் குவார்ட்ஸ் பாறை. தங்கம் இருந்தது அந்தத் தகட்டில்தான். அதில் மிகச் செழிப்பானதற்கு சாம்பியன் ரீஃப் என்று பெயர். சராசரியாக ஒரு மீட்டர் அகலம், அவ்வளவுதான். அதைத் தொடர்ந்து வடக்கே பாலகாட், பிறகு நந்திதுர்க், உரிகம், சாம்பியன் ரீஃப், தெற்குக் கோடியில் மைசூர் என்று சுரங்கங்கள் வரிசையாகத் தோண்டப்பட்டன. ஊரும் அப்படியே நீண்டது. பூமிக்கடியில் தங்க ரேகை போன வழியில் பூமிக்கு மேலே குடிசைகளும் கோயில்களும் சர்ச்சுகளும் சாராயக் கடைகளும் போயின. நடு ஊர் என்று ஒன்று இல்லாத ஊர் இது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்ற கடைவீதி நகரங்கள் பின்னால் பக்கத்தில் ஒட்டவைக்கப்பட்டவை. ராபர்ட்சன் என்பவர் மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்தவர்.

தங்கம் இருப்பது வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த ரகசியமல்ல. திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், 1802-ல் இங்குள்ள கிராமவாசிகள் வண்டி மண்ணைக் கழுவித் தங்கத் துகள் எடுப்பதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். உரிகம், மாரிக்குப்பம் பகுதிகளில் யார் எப்போது தோண்டினார்கள் என்று யாருக்கும் நினைவில்லாத பழைய குழிகள் இருந்தன. வாரனின் குறிப்பைப் படித்துவிட்டுப் பலர் வந்தார்கள், போனார்கள். நியூசிலாந்தில் மாவோரிகளுடன் நடந்த போரில் இருந்துவிட்டு பெங்களூரில் ஓய்வாகக் குடியேறியிருந்த மைக்கேல் லாவெல் என்ற ஐரிஷ் சிப்பாய்க்கு ஓய்வு பிடிக்கவில்லை. 1873-ல் மைசூர் அரசிடம் உரிமை கேட்டார். 1875-ல் உரிகம் அருகே தோண்ட ஆரம்பித்தார். கையிருப்பு கரைந்ததும் உரிமையைக் கைமாற்றிவிட்டார்.

அந்தச் சமயத்தில் லண்டன் பங்குச் சந்தைக்கு இந்தியத் தங்கம் என்றால் நீலகிரியின் தேவாலாவும் பந்தலூரும்தான். அங்கே டஜன் கணக்கில் கம்பெனிகள் முளைத்து, ஒன்றிரண்டு ஆண்டுகளில் கவிழ்ந்தன. கோலாரும் அதே வழியில் போக இருந்தது. 1880-ல் தொடங்கப்பட்ட மைசூர் கம்பெனியின் கையில் மூன்றே ஆண்டுகளில் 13,000 பவுண்டுதான் மிச்சம். பங்கின் விலை சில்லறைக் காசுக்கு இறங்கிவிட்டது. கடையைக் கட்டிவிடலாம் என்று பங்குதாரர்கள் முடிவு செய்யும் நேரம். நிர்வாக முகவர்களான ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ், இருக்கிற பணத்தையும் மண்ணிலேயே போட்டுப் பார்க்கலாம் என்று ஆலோசனை சொல்லி கேப்டன் பிளம்மர் என்பவரை அனுப்பியது. (இந்தக் கேப்டனுக்கும் ராணுவத்துக்கும் சம்பந்தமில்லை. இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் மேற்பார்வையாளருக்கு அதுதான் பட்டம்.) பிளம்மர் புத்திசாலித்தனமாக ஒரே ஒரு காரியம் செய்தார். புது இடம் தேடாமல், பழங்காலத்து ஆட்கள் தோண்டிவிட்டுப் போன குழிகளின் அடியிலேயே இறங்கினார். 1883-ல் சாம்பியன் ரீஃப் அகப்பட்டது. ஆக, கோலாரின் அதிர்ஷ்டம் மைசூர் மைன்ஸில் திறந்தது. திறந்த இடத்தைக் காட்டியது பெயர் தெரியாத நாட்டுச் சுரங்கக்காரர்கள்.

அதன்பிறகு எல்லாம் வேகம். 1894-ல் ரயில் வந்தது. பாலாற்றின் குறுக்கேயுள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தண்ணீர் வந்தது. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் வந்தது. சுமார் 147 கி.மீ. தூரத்துக்குக் கம்பி இழுத்து அவ்வளவு உயரழுத்த மின்சாரத்தைக் கொண்டுவருவது அன்றைக்கு உலகமே வாய் பிளந்து பார்த்த காரியம். பெங்களூர்த் தெருக்களுக்கு விளக்கு வந்தது மூன்று ஆண்டுகள் கழித்து, 1905-ல்தான். அந்த 1905-ல் தங்கவயல் சுமார் 19 டன் தங்கம் எடுத்தது. மைசூர் மகாராஜாவுக்கு 5 சதவிகிதம் ராயல்டி. அணைகளும் கல்லூரிகளும் கட்டிப் பேரெடுத்த சமஸ்தானத்தின் கஜானாவில் மாரிக்குப்பத்து மண்ணுக்கும் பங்குண்டு என்பதை மைசூரின் பெருமை பேசுகிறவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

ஆள் எங்கிருந்து வந்தது? அடுத்துள்ள வட ஆற்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து. தாது வருஷப் பஞ்சம் (1876-78) ஊர் ஊராக ஜனங்களைக் காலி செய்துவிட்டுப் போயிருந்த நேரம். நிலமில்லாத, கிராமத்தில் பண்ணையார் வீட்டு வேலையைத் தவிர வேறு கதியில்லாத தலித் மக்களுக்கு, முன்பணம் கொடுத்துக் கூப்பிட்ட மேஸ்திரியின் பின்னால் போவது ஒரு விடுதலை. சுற்றியிருந்த கன்னட, தெலுங்கு விவசாயிகளுக்குப் பூமிக்குள் இறங்குவதில் அவ்வளவு ஆர்வமில்லை. எனவே பூமிக்கடியில் பேசப்பட்ட மொழி பெரும்பாலும் தமிழாயிற்று. மேற்பார்வைக்குக் கார்ன்வால்காரர்களும் இத்தாலியர்களும், இயந்திரக் கூடங்களில் ஆங்கிலோ இந்தியர்கள், காவலுக்குப் பஞ்சாபிகள். வெள்ளைக்காரர்களுக்குக் கணப்பு அடுப்பு வைத்த பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம். ஊருக்கு லிட்டில் இங்கிலாந்து என்ற செல்லப் பெயர் வந்தது அதனால்தான். தொழிலாளிகளுக்கு மூங்கில் தட்டி வைத்து வரிசையாகக் கட்டிய குடிசைகள். அவற்றுக்கு 'லைன்' என்று பெயர். நிமிர்ந்தால் கூரை, கையை நீட்டினால் எதிர்ச்சுவர். தட்டி போய்ச் சுவரும் ஓடும் வந்த பிறகும் லைன் என்ற பெயர் போகவில்லை. தங்கவயல்காரர்கள் எந்த ஊரில் சந்தித்துக்கொண்டாலும் இன்றைக்கும் கேட்கிற முதல் கேள்வி எந்த லைன் என்பதுதான்.

கீழே இருந்த உலகம் வேறு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3.2 கி.மீ. ஆழத்துக்குப் போயிற்று. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. ஒரே கூண்டில் அவ்வளவு தூரம் இறங்க முடியாது. பஸ் மாறுவது போல நடுவழியில் மாறி மாறி இறங்க வேண்டும். அடியில் பாறையின் சூடு 65 டிகிரி செல்சியஸுக்கு மேல். குளிர்காற்றை மேலிருந்து அனுப்பாவிட்டால் நிற்க முடியாது. இவற்றையெல்லாம்விட ஆட்கள் பயந்தது 'ஏர் பிளாஸ்ட்' என்று அவர்கள் சொன்ன பாறை வெடிப்புக்குத்தான். தோண்டித் தோண்டி வெற்றிடமாக்கிய இடத்தைச் சுற்றியுள்ள பாறை மேலிருக்கும் பாரத்தைத் தாங்க முடியாமல் திடீரென வெடித்துச் சிதறும். எச்சரிக்கை எதுவும் கிடையாது. அதன் அதிர்ச்சி மேலே லைன் வீடுகளிலும் தெரியும். அலமாரிப் பாத்திரம் அதிர்ந்தால் வீட்டுப் பெண்கள் முதலில் நினைப்பது எந்த ஷிஃப்ட் கீழே இருக்கிறது என்பதைத்தான். சுரங்கம் மூடி, பம்ப்புகள் நின்று, உள்ளே நீர் நிரம்ப ஆரம்பித்த பிறகும் இந்த அதிர்வுகள் பதிவாகியிருக்கின்றன.

பாறை வெடிப்பு சத்தத்தோடு கொன்றது. தூசு சத்தமில்லாமல் கொன்றது. குவார்ட்ஸைத் துளையிடும்போது பறக்கும் சிலிக்காத் தூள் நுரையீரலில் படிந்து இறுகும் நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். 1940-களில் இங்கே 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்ததில் 43.7 சதவிகிதம் பேருக்கு அந்த நோய் இருந்தது. இந்தியத் தொழில்நோய் மருத்துவத்தின் பாடப்புத்தகங்கள் இந்த எண்ணை இன்றும் மேற்கோள் காட்டுகின்றன. ஊரில் அதைச் சொல்வது எளிமையாக: மைன்ஸ் இருமல்.

அதே ஆழம் விஞ்ஞானிகளுக்கு வரமாயிற்று. மேலிருந்து பொழியும் விண்கதிர்களையெல்லாம் இரண்டு கி.மீ. பாறை வடிகட்டிவிடுவதால், எதையும் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோவைப் பிடிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. டாட்டா ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள் கருவிகளை இறக்கி, வளிமண்டல நியூட்ரினோக்களை 1965-ல் பதிவு செய்தார்கள். உலகில் முதன்முறையாக அவை பதிவானதில் தங்கவயலுக்குப் பங்குண்டு. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வேண்டும், வேண்டாம் என்று பின்னாளில் தமிழகம் சண்டையிட்டதற்கு ஆதிமூலம் இந்தக் குழிதான். கோலார் சுரங்கம் மூடாமல் இருந்திருந்தால் விஞ்ஞானிகள் புது மலை தேடியிருக்க மாட்டார்கள்.

தங்கம் எடுப்பவனைத் தங்கம் திருடுபவனாகவே பார்த்தது நிர்வாகம். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களைச் சோதனை போடுவது அன்றாட நடைமுறை. தங்கம் கலந்த பொருளைக் கையில் வைத்திருப்பதைத் தண்டிக்க மைசூர் சமஸ்தானம் தனிச் சட்டமே வைத்திருந்தது. 1930-ல் எல்லாத் தொழிலாளர்களின் கைரேகையையும் பதிவு செய்யப் போவதாக அறிவித்தபோது பொறுமை உடைந்தது. கைநாட்டு வைப்பது கைதிகள் செய்கிற காரியம் என்று நினைத்த ஆயிரக்கணக்கானவர்கள், தொழிற்சங்கம் என்று ஒன்று இல்லாதபோதே மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. சங்கங்கள் வந்தபிறகு 1946-ல் நடந்த பெரிய போராட்டத்தில் நவம்பர் 4-ம் தேதி போலீஸ் சுட்டு ஆறு தொழிலாளர்கள் இறந்தனர். அந்தத் தேதியை ஊர் மறக்கவில்லை.

கம்பெனி அவர்களை எண்ணிக்கொண்டிருந்தபோது அவர்கள் தங்களையே வேறு விதமாக எண்ணிக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் ஏற்பட்டன. பூமிக்கடியில் எட்டு மணி நேரம் பாறை உடைத்துவிட்டு வந்தவர்கள் மாலையில் தம்ம பிரசங்கம் கேட்டார்கள். பண்டிதர் 1907-ல் தொடங்கி 1914-ல் மறையும்வரை நடத்திய 'தமிழன்' வார இதழுக்கு ஆதரவு தந்ததில் தங்கவயலுக்கு முக்கியப் பங்குண்டு. பின்னர் ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் அந்த இதழ் இங்கிருந்தே மறுபடி வெளிவந்தது. அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டுக் காப்பாற்றியது சாம்பியன் ரீஃபிலிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. 1990-களில் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் அயோத்திதாசரை 'மீண்டும் கண்டுபிடித்தபோது' பழைய பிரதிகளுக்குத் தங்கவயல் பெட்டிகளைத்தான் திறக்க வேண்டியிருந்தது. பண்டிதரின் வாதங்களில் ஒன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றியது: சாதிப் பெயரைக் கொடுக்காதீர்கள், சாதி பேதமற்றவர்கள் என்றும் பௌத்தர்கள் என்றும் பதிவு செய்யுங்கள்.

இதே தனிப்போக்கு வாக்குச்சாவடியிலும் தெரிந்தது. கர்நாடகத்தின் இந்த ரிசர்வ் தொகுதி 1983, 1989, 1999 தேர்தல்களில் அ.தி.மு.க.வையும், 1985-ல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட்டையும், 1994, 2004-ல் இந்தியக் குடியரசுக் கட்சியையும் பெங்களூர் சட்டசபைக்கு அனுப்பியது. பெரிய கட்சிகள் காலூன்றியது அதற்குப் பிறகுதான். 2008-ல் பா.ஜ.க., 2018-ல் காங்கிரஸ். சுரங்கம் போனதும் சங்கம் போயிற்று, சங்கம் போனதும் அந்தப் பிடிவாதமும் தளர்ந்தது என்பது ஊரின் கணிப்பு. அது முழுக்கத் தப்பல்ல.

சரிவு ஒரே நாளில் வரவில்லை. தொடக்கத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசியில் 3 கிராம் அளவுக்கு வந்துவிட்டது. 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களைக் கம்பெனியிடமிருந்து எடுத்துக்கொண்டது. 1962-ல் மத்திய அரசு. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட். வெள்ளைக்காரன் சதையைத் தின்றுவிட்டு எலும்பைக் கொடுத்துவிட்டுப் போனான் என்பது ஊரில் பரவலான கருத்து. 1964-ல் தொடங்கிய பாரத் எர்த் மூவர்ஸ் ஆலை ஓரளவு வேலை கொடுத்தது. பக்கத்தில் அதற்கென்று ஒரு நகரே எழுந்தது. ஆனால் சுரங்கத்தின் இடத்தை அது நிரப்ப முடியவில்லை. 2001 பிப்ரவரி 28-ம் தேதியோடு சுரங்க வேலை நின்றது. 120 ஆண்டுகளில் எடுத்த தங்கம் சுமார் 800 டன்.

தொழில் போன பிறகு போயிருக்க வேண்டியவர்கள் போகாததற்குக் காரணம் ஒன்றல்ல. திரும்பிப் போக ஊர் இல்லை என்பது முதலாவது. ஆம்பூருக்கோ குடியாத்தத்துக்கோ பக்கத்தில் ஏதோ ஒரு கிராமத்தின் சேரியிலிருந்து கொள்ளுத்தாத்தா கிளம்பி வந்தார். அங்கே நிலமும் இல்லை, நினைவும் இல்லை. தமிழ்நாட்டில் இவர்கள் கர்நாடகக்காரர்கள், கர்நாடகத்தில் தமிழர்கள். பெங்களூரில் குடியேறலாம் என்றால் அங்கே ஒரு மாத வாடகையில் பல மாத சீசன் டிக்கெட் வாங்கலாம். ஆக, லைன் வீடும் ரயிலும் சேர்ந்து ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன.

அந்த வீடு யாருடையது என்பதுதான் இன்னும் ஓயாத கேள்வி. நிலம் கம்பெனியுடையது, அதாவது மத்திய அரசுடையது. மூன்று, நான்கு தலைமுறையாக வாழ்ந்து, பக்கத்தில் ஓர் அறை இழுத்துக்கட்டி, முற்றத்தில் முருங்கை வைத்தவர்கள் பட்டா கேட்கிறார்கள். சுரங்கத்தைத் திறப்பது, ஏலம் விடுவது என்ற பேச்சு வரும்போதெல்லாம் கோர்ட், சங்கம், மனு, ஊர்வலம் என்று இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது.

ஊரின் எல்லா இடத்திலிருந்தும் தெரிவது சயனைடு மேடுகள். பாறையைத் தூளாக்கி, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு. மொத்தம் 13 மேடுகள், மூன்று கோடி டன்னுக்கு மேல். மழைக்கு வாய்க்கால் வாய்க்காலாக அரிந்த அந்தச் சாம்பல் நிறக் குன்றுகளில் புல் முளைப்பதில்லை. காற்றடிக்கும் மாதங்களில் மேட்டை ஒட்டிய லைன்களில் சோற்றுப் பானையை மூடித்தான் வைக்க வேண்டும். ஊரின் பெயரையே தலைப்பாக்கி 2018-லும் 2022-லும் வந்த கன்னடப் படங்களின் தயாரிப்பாளர்கள் செட் போட்டது இந்த மேட்டில்தான். படம் இந்தியா முழுவதும் ஓடியது. அதில் வரும் நராச்சி என்ற சுரங்கத்தைத் தேடி வெளியூர் இளைஞர்கள் வருகிறார்கள். அப்படி ஓர் இடமே இல்லை என்று ஆட்டோக்காரர்கள் சலிக்காமல் விளக்குகிறார்கள். 2024-ல் வந்த பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்களின் கதை என்பதால் ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் படமாகப் பார்த்தார்கள்.

அந்த மேடுகளில் இன்னும் தங்கம் இருக்கிறது. அந்தக் காலத்து முறையில் பிரியாமல் தப்பிய துகள்கள். டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது. ஆனால் தங்கம் விற்கிற விலைக்கு அதுவும் லாபம். 13 மேடுகளும் அமைந்துள்ள சுமார் 1,000 ஏக்கரில் வேலை நடத்த மத்திய அரசு கேட்ட அனுமதிக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் தெரிவித்தது. இந்த முறை யாரும் கீழே இறங்க வேண்டியதில்லை. மேட்டை வாரி இயந்திரத்தில் கொட்டினால் போதும். எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும், அதில் லைன்காரர்கள் எத்தனை பேர், வாரும்போது கிளம்பும் தூசு எந்த லைன் பக்கம் வரும் என்று மாலை ரயிலில் விவாதம் நடக்கிறது. சாம்பியன் ஸ்டேஷனில் பாதிக் கூட்டம் இறங்கிவிடும். மீதிப் பேர் மாரிக்குப்பம் வரை பேசிக்கொண்டு போகிறார்கள்.